வானக் கணக்கும் எல்லைக் கல்லும்

(நமது சங்கத்து மாணவர் விடுதியின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பாடஞ் சொல்லுதலைத் தொழிலாகக் கொண்ட யான் வானநூற் கணக்கைப்பற்றிப் பேச எழுந்தமை உங்களுட் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். யான் வானநூற் புலவன் அல்லேன். தொலைநோக்கி வைத்துக் கோள்களை ஆராய்ந்தவனும் அல்லேன். எனினும், ஒரு மாணவனிடத்தும் என் தமையனாரிடத்தும் யான் பட்ட கடன்கள் இரண்டு உள. அவற்றை இவ்வவையில் தீர்த்துவிட வேண்டுமென்னும் எண்ணமே என்னைப் பேச வைத்தது.

முதற்கடன் இது. சென்ற மார்கழித் திங்களில் ஒருநாள், வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, “ஐயா! டிசம்பர் 21 அல்லது 22-இல் சூரியன் வடக்கே திரும்பிவிடுகிறது என்று புவியியற் புத்தகம் சொல்லுகிறது. தை முதல் நாளில்தான் உத்தராயணம் பிறக்கிறது என்று பஞ்சாங்கம் சொல்லுகிறது. இவற்றுள் எது பொய்?” என்று வினவினான். யானோ, “புத்தகம் தேர்வுக்கு; பஞ்சாங்கம் வீட்டுக்கு” என்று விடை கூறினேன். வகுப்பு முழுதும் சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான். உண்மையை அறிய விரும்பிய பிள்ளைக்கு, இடத்துக்கு ஓர் உண்மை வைத்துக்கொள்ளலாம் என்று கற்பித்துவிட்டேனே என்னும் வருத்தம் அன்று முதல் என்னை விடவில்லை.

இரண்டாவது கடன் என் வீட்டுச் செய்தி. ஊரில் இருக்கும் என் தமையனார் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுபவர். நகரத்துக்கு வந்தபின் யான் திருக்கணிதத்தைப் பின்பற்றலானேன். சில ஆண்டுகளுக்கு முன் எம் தந்தையாரின் திதி இரு பஞ்சாங்கங்களிலும் இரண்டு நாளாக வந்தது. அவர் நாளில் அவர் கொடுத்தார். என் நாளில் யான் கொடுத்தேன். “அப்பாவை இரண்டு வீட்டு வாசலில் நிறுத்திவிட்டாயே, தம்பி” என்று அவர் சொல்லியனுப்பினார். அதற்குப்பின் இரண்டு ஆண்டு நாங்கள் ஒரே பந்தியில் உண்ணவில்லை.

இவ்விரண்டும் பஞ்சாங்கத்தைப் பற்றியனவே; மேலே பார்க்கும்போது ஒரே வகைச் சிக்கலாகவே தோன்றும். உண்மையில் இவை ஒன்றுக்கொன்று முற்றும் வேறானவை. அவ்வேறுபாட்டை விளக்குவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

வானத்துக்குச் செல்லுமுன் ஒரு வயலுக்குச் செல்வோம். ‘கிணற்றுக்குக் கிழக்கே நாற்பது அடி வரை’ என்று ஒரு பாகப் பத்திரத்தில் எழுதியிருப்பதாகக் கொள்ளுங்கள். பத்திரம் எழுதியபின் பழைய கிணறு தூர்ந்துபோக, சற்று அப்பால் புதுக்கிணறு வெட்டுகின்றனர். அண்ணன் பழைய கிணற்றிலிருந்து அளக்கிறான். தம்பி புதுக்கிணற்றிலிருந்து அளக்கிறான். இருவரும் நாற்பது அடியே அளந்தனர். இருவர் சங்கிலியும் பொய் சொல்லவில்லை. ஆயினும் வரப்பு இரண்டு இடத்தில் விழுகிறது. இவ்வழக்கில் ‘எத்தனை அடி?’ என்பது வினாவன்று, ‘எந்தக் கல்லிலிருந்து?’ என்பதே வினா.

ஆகவே, இடத்தைக் குறிக்கும் எந்த எண்ணுக்கும் மூன்று துணை வேண்டும். எங்கிருந்து அளந்தது, எத்திசை நோக்கி அளந்தது, எந்த நாளில் அளந்தது என்பன அவை. இம்மூன்றையும் வரையறுத்து வைத்த ஏற்பாட்டையே இக்காலப் பௌதிகப் பாடநூல்கள் ‘குறிப்பாயம்’ என்று வழங்குகின்றன. வானநூற் கணக்குக்கு இத்தகைய குறிப்பாயம் இரண்டு வேண்டும். பார்ப்பவன் நிற்கும் இடத்தைச் சொல்லப் பூமியோடு ஒட்டிச் சுழலும் ஒன்று. பார்க்கப்படும் பொருளின் இடத்தைச் சொல்ல, சுழலாத வானத்தில் ஒன்று.

முதலில் பூமியைக் காண்போம். நம் பழைய சித்தாந்த நூலார் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். உச்சயினி நகரின் வழியே தெற்கு வடக்காகச் செல்லும் கோட்டை அவர்கள் முதற்கோடாகக் கொண்டனர். அக்கோடு பூமத்தியரேகையைத் தொடும் இடத்துக்கு ‘இலங்கை’ என்று பெயரிட்டனர். அது கணக்குக்காக வைத்துக்கொண்ட புள்ளியேயன்றி, நாம் அறிந்த இலங்கைத் தீவு அன்று. அக்கோட்டுக்குக் கிழக்கிலோ மேற்கிலோ உள்ள ஊரார் செய்துகொள்ள வேண்டிய திருத்தமே ‘தேசாந்தரம்’ எனப்படும். சென்னை அக்கோட்டுக்கு ஏறத்தாழ நாலரைப் பாகை கிழக்கே உள்ளது. ஆதலின் உச்சயினிக்கு முன்னர், ஏறக்குறைய முக்கால் நாழிகை முந்தி, இங்கே நண்பகலாகிறது.

பின்னர் ஆங்கிலேயர் காலத்தில், 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாராய்ச்சி நிலையம் எழுந்தது. அங்கே நட்ட கருங்கல் தூண், இப்போது வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில் இன்றும் நிற்கிறது. 1802-இல் லாம்டன் என்பார் பரங்கிமலையை அடுத்த சமவெளியில் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்து, இந்தியா முழுவதையும் அளக்கும் பெரும்பணியைத் தொடங்கினார். அப்பணிக்குரிய தீர்க்கரேகை, சென்னை நிலையத்திலிருந்தே எடுக்கப்பட்டது. ஆயின், கிரீன்விச்சிலிருந்து சென்னை எவ்வளவு கிழக்கே உள்ளது என்பதில் தொடக்கத்தில் ஒரு சிறு பிழை இருந்தது. தந்திக் கம்பி வழியே இரு நாட்டுக் கடிகாரங்களையும் ஒத்துப் பார்த்தபின், அப்பிழை ஏறத்தாழ இரண்டரைக் கலை எனத் தெரிந்தது. பாகையின் அறுபதில் ஒரு கூறு கலை. கலையின் அறுபதில் ஒரு கூறு விகலை. இரண்டரைக் கலை என்பது நம் பக்கத்தில் நாலரைக் கிலோமீட்டர் அளவாகும்!

இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. அப்பழைய படங்களில் ஊருக்கும் ஊருக்கும் இடையிலுள்ள தொலைவு பிழைபடவில்லை. மலைக்கும் ஆற்றுக்கும் உள்ள திசை பிழைபடவில்லை. இந்தியா முழுதும் ஒரே தாளாகச் சற்றே கிழக்கே நகர்ந்து கிடந்தது, அவ்வளவே. உள்ளே எல்லாம் சரியாயிருக்க, முதற்கல் ஒன்றே தவறியிருத்தலும் கூடும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

அந்தக் கிரீன்விச்சே இன்று என்ன நிலையில் உள்ளது? 1884-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு அந்நகரத்துக் கோட்டை உலகத்தின் முதற்கோடாக ஏற்றுக்கொண்டது. அங்கே தரையில் பதித்த பித்தளைக் கோட்டின்மேல் நின்று ஒருவர் தம் கைப்பேசியை நோக்கினால், அது சுழியம் காட்டுவதில்லை. செயற்கைக்கோள் வழியாகக் கணக்கிடும் சுழியக்கோடு அதற்கு 102 மீட்டர் கிழக்கே செல்கிறது. பழைய வானநூலார் தூக்குநூல் தொங்கும் திசையைச் செங்குத்தாகக் கொண்டனர். தூக்குநூலோ, அண்மையிலுள்ள நிலத்தின் அடர்த்தி வேறுபாட்டால் சிறிது சாயும். இக்காலக் கணக்கு பூமியின் எடை மையத்திலிருந்து அளக்கிறது. இரண்டும் சரியே, கல் வேறு.

அம்மட்டோ? நாம் நிற்கும் நிலமே நகர்கிறது. இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்காகச் சென்றுகொண்டிருக்கிறது. ஆதலின் இன்றைய புவிக் குறிப்பாயம் ஒவ்வொரு நிலையத்துக்கும் இடத்தை மட்டும் குறியாமல், ‘இன்ன ஆண்டில் இங்கே இருந்தது, ஆண்டுக்கு இவ்வளவு நகர்கிறது’ என்று வேகத்தையும் சேர்த்தே குறிக்கிறது. 2022-இல் வெளியான பட்டியலும் அத்தகையதே. கல் நகரும் என்று தெரிந்தபின், அதனைப் பிடுங்கி எறியாமல், நகர்ச்சியையும் கணக்கில் எழுதிக்கொண்டனர். அதுவே அறிவுடையோர் செயல்.

இனி வானத்துக்குச் செல்வோம். சூரியன் ஓராண்டில் விண்மீன்களினிடையே செல்லுவதாகத் தோன்றும் வழி ஒரு வட்டம். பூமத்தியரேகையை வானம் வரை விரித்தால் அது மற்றொரு வட்டம். இவ்விரண்டும் வெட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. சூரியன் அங்கே வரும் நாளில் இரவும் பகலும் ஒத்திருக்கும். அவையே விஷுவப் புள்ளிகள். இளவேனிலில் வரும் விஷுவப் புள்ளியை முதற்கல்லாகக் கொண்டு அளப்பது ஒரு முறை. அது சாயனம் எனப்படும். வானத்தில் உள்ள ஒரு விண்மீனைக் கல்லாகக் கொண்டு அளப்பது மற்றொரு முறை. அது நிராயணம் எனப்படும். நம் தமிழ் மாதங்கள் இன்றும் நிராயண முறையிலேயே பிறக்கின்றன.

இவ்விரு கல்லும் ஒன்றையொன்று விட்டு விலகாதிருந்தால் தொல்லையில்லை. ஆனால் பூமி, சுழலும் பம்பரம் தலையசைப்பது போலத் தன் அச்சை மெல்ல மெல்ல அசைக்கிறது. சூரியனும் சந்திரனும் பூமியின் நடுப்பருமையைப் பற்றி இழுப்பதே அதற்குக் காரணம். ஒருமுறை அசைந்து சுற்றிவர ஏறத்தாழ 25,800 ஆண்டு செல்லும். ஆதலின் விஷுவப் புள்ளி ஆண்டுதோறும் 50 விகலைக்குச் சற்று மிகுதியாக மேற்கே நகர்கிறது. ஒரு பாகை நகர ஏறத்தாழ 72 ஆண்டு ஆகிறது. திருமணத்தில் நாம் காட்டும் துருவ மீனும் இவ்வசைவுக்குத் தப்பியதன்று. இன்று துருவத்துக்கு அருகே உள்ள மீன் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு இல்லை.

இதனை முதலில் வெளிப்படுத்தியவர் கிரேக்க நாட்டு ஹிப்பார்க்கஸ் என்பார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், இதற்குக் கருவியாகக் கொண்ட மீன் நம் சித்திரையே. அவருக்கு ஏறக்குறைய நூற்றறுபது ஆண்டு முற்பட்ட திமோக்காரிஸ் என்பார், சித்திரை இலையுதிர்கால விஷுவப் புள்ளியிலிருந்து 8 பாகைத் தொலைவில் இருந்ததாகக் குறித்திருந்தார். ஹிப்பார்க்கஸ் அளந்தபோது அது 6 பாகையாகக் குறைந்திருந்தது. மீன் நகர்ந்ததன்று, கல் நகர்ந்தது என்று அவர் உணர்ந்தார்.

மாணவச் செல்வங்களே! அந்த எண்ணைக் கொண்டு நீங்களே ஒரு கணக்குப் போடலாம். மீதி 6 பாகை. பாகைக்கு 72 ஆண்டாக 432 ஆண்டு. கி.மு. 129 அளவிலிருந்து 432 ஆண்டு சென்றால் கி.பி. 300 அளவாகிறது. அக்காலத்தில் சித்திரை மீனும் விஷுவப் புள்ளியும் ஒன்றாக நின்றன. அஃதாவது சாயனக் கல்லும் நிராயணக் கல்லும் ஒன்றாயிருந்தன. அதற்குப்பின் அவை விலகி, இன்று இடைவெளி 24 பாகைக்குச் சற்று மேற்பட்டுள்ளது. இவ்விடைவெளியே அயனாம்சம். சித்திரை மீனைக் கல்லாகக் கொள்ளாது பழைய சித்தாந்தக் கணக்கைக் கொண்டால், கல் ஒன்றாயிருந்த காலம் இரண்டொரு நூற்றாண்டு பிற்படும்.

இப்போது என் மாணவனின் வினாவுக்கு விடை கிடைக்கிறது. சூரியன் வடக்கே திரும்புதல் என்பது பூமியின் அச்சுச் சாய்வைப் பற்றிய செய்தி. அது சாயனக் கல்லால் அளக்க வேண்டியது. அளந்தால் டிசம்பர் 21 அல்லது 22 என்று வருகிறது. சூரியன் மகர ராசியிற் புகுதல் என்பது விண்மீன்களைப் பற்றிய செய்தி. அது நிராயணக் கல்லால் அளக்க வேண்டியது. அளந்தால் தை முதல் நாள் என்று வருகிறது. சூரியன் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை செல்வதால், 24 பாகை இடைவெளி 24 நாளாக நிற்கிறது. ஆயிரத்தைந்நூறு, ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்கு முன் இவ்விரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தன. ஆதலின் ஒரு நாளுக்கே இரு பெயரும் வாய்த்தன. நிகழ்ச்சிகள் பிரிந்தபின்னும் பெயர்கள் பிரியவில்லை.

எனவே, புத்தகம் பொய்யன்று. தை முதல் நாளில் மகர சங்கராந்தி என்பதும் பொய்யன்று. ஆனால், அன்றுதான் சூரியன் வடக்கே திரும்புகிறான் என்று ஒருவர் இன்று சொன்னால், அது மெய்யன்று. அதனைத் தெளிவாகச் சொல்லிவிடுதல் நம் முன்னோரை இகழ்வதாகாது. அவர்கள் கண்ட காலத்தில் அது கண்கூடான மெய்யாயிருந்தது.

இதனை நூலிற் கண்டு நம்பவேண்டா. ஒரு மீட்டர் நீளமுள்ள கோலைச் செங்குத்தாக நட்டு, நண்பகல் நிழலை நாள்தோறும் குறித்து வாருங்கள். சென்னையில் டிசம்பர் 22-இல் அந்நிழல் ஏறத்தாழ 74 சென்டிமீட்டர் இருக்கும். அதுவே ஆண்டின் மிகப் பெரிய நிழல். பொங்கல் நாளில் அளந்தால் அறுபத்தெட்டரைதான் இருக்கும். ஐந்தரைச் சென்டிமீட்டர் குறைந்துவிட்டதெனின், கதிரவன் முன்பே திரும்பிவிட்டான் என்பது தெளிவு. வருகின்ற மார்கழியில் இவ்விடுதி மாடியில் அக்கோலை நடுவதற்கு யானே வருவேன்.

இவ்வேறுபாடு இனி வருங்காலத்துக்கும் உரியது. வாக்கியப் பஞ்சாங்கத்தார் கொள்ளும் ஆண்டு ஆரியபடர் கொண்ட அளவாகிய 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. பருவங்கள் திரும்பிவரும் ஆண்டோ 365.2422 நாள். இரண்டையும் கழித்துப் பார்த்தால், பிரபவ முதல் அட்சய வரையுள்ள ஓர் அறுபதாண்டுச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள் பிந்துகிறது. பாட்டனார் பிறந்த ஆண்டின் பெயர் பேரனுக்கு வரும்போது, பொங்கல் பருவத்தினின்று ஒரு நாள் தள்ளிப்போய் நிற்கும். அறுவடையோடு ஒட்டிய விழாவை விண்மீனோடு கட்டுவதா, பருவத்தோடு கட்டுவதா என்பது நம் பின்னோர் ஆராயவேண்டிய வினா. 1952-இல் இந்திய அரசினர் அமைத்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு, மேகநாத் சாகா அவர்கள் தலைமையில் இதனை ஆராய்ந்தது. 1957 மார்ச் 22 முதல் வழங்கிவரும் தேசியக் காலண்டர் பருவத்தைப் பற்றியது. சமயச் சடங்குகளுக்கோ, அக்குழு 1956 மார்ச் 21-க்கு 23 பாகை 15 கலை என்று அயனாம்சத்தை வரையறுத்துக் கொடுத்தது. எது கல் என்று சொல்லிவிட்டு அளந்தமையே அக்குழுவின் சிறப்பு.

இனி, விண்மீனையாவது அசையாக் கல் என்று கொள்ளலாமோ எனின், அதுவும் இல்லை. 1718-இல் ஹாலி என்பார் பழைய பட்டியலோடு ஒப்பிட்டு, சுவாதி, ரோகிணி முதலிய மீன்கள் தம் இடம் விட்டுப் பெயர்ந்திருத்தலைக் கண்டார். சுவாதி 1,600 ஆண்டில் ஏறத்தாழ ஒரு பாகை நகர்கிறது. 1748-இல் பிராட்லி என்பார் பூமியின் அச்சு பெரிய அசைவோடு சிறு நடுக்கமும் உடையது என்று வெளியிட்டார். அந்நடுக்கத்தின் காலம் 18.6 ஆண்டு. அஃது என்ன காலம் என்று பஞ்சாங்கம் பார்ப்போர்க்குச் சொல்ல வேண்டுமோ? ராகுவும் கேதுவும் இராசி மண்டலத்தை ஒருமுறை சுற்றும் காலமே அது. சந்திரன் வழி சூரியன் வழியை வெட்டும் அவ்விரு புள்ளிகளும் சுற்றிவர, சந்திரனின் இழுப்பும் திசை மாறி, பூமியின் அச்சைச் சிறிது ஆட்டுகிறது.

அண்மையிலுள்ள மீன்கள் நகர்கின்றன என்று கண்ட வானநூலார், மிகத் தொலைவிலுள்ள கல்லை நாடினர். கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால், வானொலி அலையை வீசிக்கொண்டிருக்கும் குவாசர் என்னும் பொருள்கள் உள. அவை எவ்வளவு விரைந்து சென்றாலும், அத்தொலைவு காரணமாக நமக்கு அசையாதன போலவே தோன்றும். உலகின் பல பாகங்களிலுள்ள வானொலித் தொலைநோக்கிகளை ஒருங்கே திருப்பி அவற்றின் திசையை அளக்கின்றனர். 1998 முதல் இவையே உலக வானநூலார்க்கு எல்லைக் கற்கள். 2019 ஜனவரி 1 முதல் வழங்கும் மூன்றாவது பட்டியலில் 4,536 பொருள்கள் உள. அவற்றுள் 303 முதன்மைக் கற்கள். அதிலும் ஒரு நுட்பம்: நம் சூரியன் தன் குடும்பத்தோடு பால்வீதியைச் சுற்றி வருவதால், அக்கற்களும் மிக மிக நுண்ணிய அளவில் ஒருபுறம் சாய்வதாகத் தோன்றும். ஒரு விகலையைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஆண்டுக்கு ஆறு கூறளவே அச்சாய்வு. அதனையும் எழுதிக்கொண்டே அளக்கின்றனர்.

பூமிக் கல்லையும் வானக் கல்லையும் இணைப்பது பூமியின் சுழற்சி. அதுவும் ஒரே சீராக இல்லாமையால், நாள்தோறும் அளந்து வெளியிடுகின்றனர். 2023 ஆகஸ்டு 23-இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை நாம் எல்லோரும் மகிழ்ந்து பார்த்தோம். பெங்களூரை அடுத்த பையலாலுவிலுள்ள அலைவாங்கி சுழலும் பூமியின்மேல் நிற்கிறது. கலமோ வானத்தில் செல்கிறது. இரு குறிப்பாயங்களையும் பொருத்தத் தெரியாதவர் அக்கலத்தோடு பேசவும் இயலாது.

இனி என் தமையனாருக்கு வருகிறேன். குறிப்பாயத்தைப்பற்றிப் படித்தபோது எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. ‘அண்ணன் கல் வேறு, என் கல் வேறு; ஆதலின் இருவர் திதியும் சரியே’ என்று சொல்லிச் சமாதானம் செய்துவிடலாம் என்று கருதினேன். நன்கு ஆராய்ந்தபோது அது கூடாதென்று கண்டேன். என்னை? திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளி. 12 பாகைக்கு ஒரு திதி. கல்லை எங்கே நட்டாலும், இருவரும் ஒருசேர அத்தனை பாகை மாறுவரேயன்றி இடைவெளி மாறாது. கிணறு எங்கிருந்தாலும் இரண்டு பனைகளுக்கு இடையிலுள்ள தொலைவு அதுவே அன்றோ? நட்சத்திரமும் மாதப் பிறப்பும் கல்லைப் பொறுத்தவை. திதி கல்லைப் பொறுத்ததன்று. ஆகவே திதியில் இருவர் வேறுபட்டால், ஒருவர் கணக்கு வானத்துக்கு அண்மையிலும் மற்றவர் கணக்கு சற்றுச் சேய்மையிலும் இருத்தல் வேண்டும்.

வாக்கிய முறை வியக்கத்தக்கது. 248 வாக்கியங்களை மனப்பாடமாகக் கொண்டு, எழுதுகோலின்றிச் சந்திரனைக் கணிப்பர். 1825-இல் வாரன் என்னும் ஐரோப்பியர், புதுச்சேரியிலிருந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் சோழிகளைத் தரையில் வைத்து மாற்றி மாற்றிச் சந்திர கிரகணத்தைக் கணித்தமையைக் கண்டு எழுதிவைத்தார். ஆனால் அம்முறையில், சூரியன் இழுப்பால் சந்திரன் நடையில் நேரும் சில மாறுதல்கள் சேரவில்லை. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் அக்குறை பெரிதும் தெரியாது. இடைப்பட்ட திதிகளில் சில மணி நேரம் வேறுபடும். எம் தந்தையாரின் திதி அஷ்டமி!

நம் நாட்டார் இதனைத் திருத்த முற்படவில்லை என்று எண்ணற்க. பத்தாம் நூற்றாண்டிலேயே முஞ்சாலர் என்பார் அத்திருத்தங்களுள் ஒன்றைக் கூறினார். கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டு கிரகணங்களைக் கண்ணாற் பார்த்துக் கணக்கோடு ஒப்பிட்டு, 1431-இல் திருக்கணித நூலை இயற்றினார். ‘திருக்கணிதம்’ என்பதிலுள்ள ‘திரு’ செல்வத்தைக் குறிக்கும் சொல்லன்று; ‘த்ருக்’ என்னும் வடசொல்லின் திரிபு; கண் என்பது பொருள். கண்ணுக்கு ஒத்த கணக்கே திருக்கணிதம். ஆகவே வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்துதலும் நம் மரபே.

இவையெல்லாம் தெரிந்துகொண்டு சென்ற ஆண்டு ஊருக்குச் சென்றேன். தமையனார் நாளிலேயே சென்றேன். கல்லைப் பற்றியும் பனைகளைப் பற்றியும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “கணக்கு உன்னுடையதே சரியாக இருக்கட்டும், தம்பி. அப்பா இருந்தவரையில் இந்தப் பஞ்சாங்கத்தைத்தான் பிரித்துப் பார்த்தார். கை கழுவிக்கொண்டு வா, இலை போட்டாயிற்று” என்றார். அன்று ஒரே பந்தியில் உண்டோம். சந்திரன் எங்கே இருக்கிறான் என்பதை வானம் தீர்த்துவைக்கும். எந்நாளில் கூடுவது என்பதை வானம் தீர்க்காது. உடன்பிறந்தார் கூடியிருந்து தீர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதற்காக முதலாவதைப் பொய்யென்று சொல்ல வேண்டுவதில்லை. முதலாவதற்காக இரண்டாவதை விட்டுவிடவும் வேண்டுவதில்லை.

கடல் கடந்து வாழும் நம் சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு சொல். தமையனார் மகன் இலண்டனில் இருக்கிறான்; சென்னைப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு நாள் பார்க்கிறான். திதி முடியும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. அக்கணத்துக்கு ஊர்தோறும் கடிகாரம் காட்டும் எண் வேறு. குளிர்காலத்தில் இங்கே விடியற்காலை 4 மணிக்கு ஒரு திதி முடிந்தால், அங்கே முதல்நாள் இரவு 10.30 மணியாகவே இருக்கும். சூரியன் உதிக்கும் வேளையும் வேறு. நம் முன்னோர் தேசாந்தரம் என்று ஒரு திருத்தத்தை வைத்தது அதற்காகவே. அதனை விட்டுவிட்டு முன்னோர் நூலைப் பின்பற்றுகிறோம் என்றால், நூலின் அட்டையைப் பின்பற்றுகிறோம் என்பதே பொருளாகும்.

பெரியோர்களே! பஞ்சாங்கத்தைப்பற்றி வழக்கு எழும்போது முதலில் ஒன்று கேளுங்கள்: ‘இது கல்லைப் பற்றிய வேறுபாடா, கணக்கைப் பற்றிய வேறுபாடா?’ கல்லைப் பற்றியதாயின், எந்தக் கல் என்று சொல்லிவிட்டால் இருவரும் மெய்யராவர். கணக்கைப் பற்றியதாயின், வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுதலே வழி. முன்னதைப் பின்னதாக எண்ணினால் வீண் சண்டை வளரும்; பின்னதை முன்னதாக எண்ணினால் பிழை நிலைத்துவிடும்.

என் மாணவன் இவ்வவையில் அமர்ந்திருக்கிறான். அவன் பெயரைச் சொல்லி நாணச் செய்ய விரும்பவில்லை. ‘எது பொய்?’ என்று நீ கேட்டாய், தம்பி, ‘எங்கிருந்து அளந்தது?’ என்று திருப்பிக் கேட்க உனக்குக் கற்றுத்தர வேண்டியவன், சிரித்துவிட்டேன். அதனைப் பொறுத்துக்கொள்.